ஒரு சொட்டுக் குளத்து நீரில் கசையிழை உயிரிகள் நீந்துவதையும் தின்பதையும் பார்ப்பது எப்படி

யூக்ளினா என்ற பச்சை நிற ஒருசெல் உயிரியைப் படம் வரைந்து, பாகம் குறித்து, பள்ளியில் மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் ஏராளம். அது உயிரோடு நகர்வதைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. செல்லிலிருந்து நீண்டு சாட்டை மாதிரி அடிக்கும் மெல்லிய இழைதான் கசையிழை, படத்தில் அதை ஒரு வாலாக இழுத்துவிடுவதால், அது பின்னாலிருந்து உடம்பைத் தள்ளுகிறது என்றுதான் பலரும் மனதில் வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாலே போதும், கசையிழை முன்பக்கத்தில் இருப்பதும் உடம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போவதும் தெரிந்துவிடும். இதைச் சொந்தக் கண்ணால் பார்ப்பதற்கு ஆய்வகம் எதுவும் தேவையில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பார்க்கத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கசையிழை செய்வது ஒரே வேலை, தண்ணீரை நகர்த்துவது. செல் சுதந்திரமாக மிதந்தால் அந்த வேலையால் செல் நகரும், நாம் அதை நீச்சல் என்கிறோம். அதே செல் ஒரு இலைத் துணுக்கிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டால், இப்போது தண்ணீர்தான் செல்லை நோக்கி வரும், கூடவே பாக்டீரியாவும் வந்து சேரும், அதை நாம் சாப்பாடு என்கிறோம். நீந்துவது தனி, தின்பது தனி என்று பிரித்துப் பார்க்கிறவர்களுக்குப் பாதிக் காட்சி கைவிட்டுப் போகிறது. எந்தச் செல்லைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: கசையிழை எங்கிருந்து கிளம்புகிறது? அது தண்ணீரை எந்தப் பக்கம் அனுப்புகிறது?

கருவிக்கு வருவோம். கல்லூரி மாணவர்கள் வாங்கும் சாதாரண நுண்ணோக்கி போதும், 10 மடங்கு கண்ணருகு லென்ஸும், 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸும் இருந்தால் 100 மடங்கும் 400 மடங்கும் கிடைக்கும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் இதற்கு அவசியமில்லை, உயிருள்ள சொட்டில் அதைப் பயன்படுத்தினால் சொட்டை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப் நகர்ந்துகொண்டே இருக்கும், தலைவலிதான் மிச்சம். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம், அதன் 140 மடங்கில் யூக்ளினா, பச்சைப் பாசி உருண்டையான வால்வாக்ஸ் நகர்வது நன்றாகவே தெரியும், கசையிழை மட்டும் தெரியாது. கைபேசி கேமராவில் மெதுவியக்கப் பதிவு இருந்தால் அது பெரிய வரம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் எங்கே எடுப்பது? ஓடுகிற தெளிந்த நீரில் கிடைப்பது குறைவு. தேங்கி நின்று பச்சை பிடித்த இடம்தான் வேண்டும்: கோயில் குளத்தின் படியோரம், மாடு தண்ணி குடிக்கும் தொட்டி, நெல் வயல், மழைக்குப் பின் நிற்கும் பச்சைக் குட்டை, மொட்டை மாடியில் மறந்துபோன சிமெண்ட் தொட்டி. கடுமையான வெயில் நாட்களில் சில மீன் குளங்களின் மேல் செங்கல் நிறத்தில் ஒரு படலம் படியும், பெரும்பாலும் அதுவும் யூக்ளினாவின் ஒரு வகைதான், பச்சையத்தை வெயிலிலிருந்து மறைக்கச் சிவப்பு நிறமியை மேலே பரப்பிக்கொள்ளும். அதில் ஒரு சொட்டு கிடைத்தால் விடாதீர்கள். எடுக்கும்போது மேல் தண்ணீரை மட்டும் மொள்ளாமல் கொஞ்சம் அடிச் சேறு, கொஞ்சம் பாசி, ஒரு அழுகிய இலை என்று சேர்த்து எடுங்கள், ஏனென்றால் தின்கிற வகைகள் அதிகம் இருப்பது அங்கேதான். பாட்டிலை முழுதாக நிரப்பாமல் காற்றுக்கு இடம் விடுங்கள், வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்துவிடுங்கள்.

பாட்டிலை ஜன்னலோரம், நேரடி வெயில் படாத இடத்தில் சில மணி நேரம் வைத்தால் பச்சை வகைகள் வெளிச்சம் வரும் பக்கம் வந்து ஒதுங்கும். அந்த ஓரத்திலிருந்து டிராப்பரால் எடுத்தால் ஒரே சொட்டில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும்.

நிறமில்லாத, பாக்டீரியா தின்கிற வகைகளுக்கு வைக்கோல் தண்ணீர்தான் சிறந்த வழி. ஒரு கைப்பிடி வைக்கோலை ஒரு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மெல்லிய துணியால் மூடி ஒரு நாள் வைத்தால் தண்ணீர் லேசாகக் கலங்கும், அந்தக் கலங்கல் பாக்டீரியா. கிணற்றுத் தண்ணீர் நல்லது, குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு இரவு திறந்து வைத்த பிறகு பயன்படுத்துங்கள். இதில் இரண்டு மூன்று டிராப்பர் குளத்து நீரை விடுங்கள். முதல் சில நாட்களில் மிகச் சிறிய கசையிழை உயிரிகள் பெருகும். அப்புறம் அவற்றைத் தின்னும் குற்றிழை உயிரிகள், அதாவது உடம்பில் குட்டை இழைகள் நிறைந்தவை, வந்து சேரும், அந்த வகையான பாரமீசியம் கூட்டமாக ஓடத் தொடங்கிவிட்டால் சிறியவை குறைந்துவிடும். எனவே தினமும் ஒரு சொட்டாவது பாருங்கள், இந்த வரிசை மாறுவதைப் பார்ப்பதே தனி சுவாரசியம்.

ஸ்லைடு தயாரிப்பில்தான் பலருக்கும் காட்சி கெடுகிறது. சொட்டு பெரிதாக இருந்தால் உயிரிகள் மேலும் கீழும் போய்க் கவனத்தில் நிற்காது, அதனால் சின்னச் சொட்டு வையுங்கள். கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரத்திலும் பல்குச்சியால் மெல்லிசாக வாசலின் தடவி மெதுவாக வைத்தால், தண்ணீர் காயாது, செல்களும் நசுங்காது, ஒரு மணி நேரம்கூட அதே சொட்டைப் பார்க்கலாம். 10 லென்ஸில் தேடிப் பிடித்து, அப்புறம் 40-க்கு மாறுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். உயிருள்ள செல்கள் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி தெளிவானவை, முழு வெளிச்சத்தில் அவை காணாமலே போய்விடும். மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் துளையான டயாப்ரத்தைப் பாதிக்கு மேல் மூடுங்கள், விளக்கையும் குறையுங்கள், ஓரங்கள் கறுத்துத் தெரியும், கசையிழையும் ஒரு மெல்லிய நிழலாக அவ்வப்போது மின்னும். இன்னும் நல்ல வழி, மேடைக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸான கண்டென்சருக்குக் கீழே வடிகட்டி வைக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டமான கறுப்புக் காகிதத்தை நடுவில் ஒட்டி வைப்பது. நடு வெளிச்சம் தடைபட்டு ஓரத்து வெளிச்சம் மட்டும் சாய்வாக வரும்போது பின்னணி கறுப்பாகி, செல்களும் கசையிழைகளும் வெள்ளையாக ஒளிரும். 10 லென்ஸில் இது அருமையாக வேலை செய்யும், 40-இல் வட்டத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். கசையிழையின் தடிமன் சுமார் 0.2 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), அதாவது ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய எல்லையிலேயே நிற்கிற பொருள், அதனால் இந்த வெளிச்ச வேலைக்குச் செலவழிக்கிற நேரம் வீண் போகாது.

அந்த 0.2 மைக்ரான் இழைக்குள் என்ன இருக்கிறது என்பது எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் தெரிந்தது. 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாவரவியலாளர் ஐரீன் மாண்டன் தாவர விந்தணுக்களின் இழைகளை ஆராய்ந்து, சுற்றிலும் 9 ஜோடிக் குழல்கள், நடுவில் 2 என்ற அமைப்பைத் தெளிவாகக் காட்டினார். ஜோடிகளுக்கு இடையில் டைனீன் என்ற புரதம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து ஒன்றை ஒன்றின் மேல் வழுக்கவைக்க முயலும், அடிப்பகுதி பிணைக்கப்பட்டிருப்பதால் வழுக்க முடியாமல் இழை வளையும். நீளம் முழுக்க இந்த வளைவு ஓடுவதுதான் அலை. பாக்டீரியாவிலும் கசையிழை என்று படித்திருப்பீர்கள், அது வேறு பொருள்: அடியில் ஒரு மோட்டார் சுழற்ற, இழை முழுதும் சுற்றும், தடிமனும் இதில் பத்தில் ஒரு பங்குதான். நம் நுண்ணோக்கியில் அதைத் தேட வேண்டாம்.

இவ்வளவு சிறிய உடம்புக்குத் தண்ணீர் நடந்துகொள்ளும் விதமும் வேறு. துடுப்பை நிறுத்தினாலும் தோணி கொஞ்ச தூரம் தானாகப் போகும், இங்கே அந்தச் சலுகை கிடையாது, இழை நின்ற கணமே செல்லும் நின்றுவிடும். எட்வர்டு பர்செல் என்ற இயற்பியலாளர் 1970-களில் விளக்கியதுபோல, போன வழியிலேயே திரும்பி வரும் அசைவு எதுவும் இந்த அளவில் உடம்பை நகர்த்தாது, முன்னுக்குப் போனது அப்படியே பின்னுக்கு வந்துவிடும். அதனால்தான் இழை அலையாக ஓடுகிறது, அல்லது போகும்போது நீண்டும் திரும்பும்போது மடங்கியும் அடிக்கிறது. திரையில் ஒரு செல் சட்டென்று நிற்கும் கணங்களைக் கவனித்துப் பாருங்கள், வழுக்கலே இருக்காது.

சரி, முதலில் கிளாமிடோமோனாஸ். சுமார் 10 மைக்ரான் அளவுள்ள பச்சை உருண்டை, முன்னால் இரண்டு சம நீளக் கசையிழைகள். இரண்டையும் முன்னே நீட்டி, இரு பக்கமும் பின்னோக்கி வலித்து, அப்புறம் உடம்பை ஒட்டி மடக்கி மறுபடி முன்னே கொண்டுவரும். வினாடிக்கு சுமார் 50 முறை இப்படி அடிக்கும், வேகம் வினாடிக்கு சுமார் 100 மைக்ரான். 400 மடங்கில் உங்களுக்குத் தெரியும் வட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஐந்து வினாடிக்குள் கடந்துவிடும். வெறும் கண்ணுக்கு இழை தெரியாமல் உடம்பு தத்தித் தத்திப் போவது மட்டும் தெரியும். இங்கேதான் கைபேசி: வினாடிக்கு 240 படம் எடுத்தால் ஒவ்வொரு அடிக்கும் நாலைந்து படம் கிடைக்கும், நீட்டியதும் மடங்கியதும் தனித்தனியாகத் தெரியும்.

யூக்ளினா வேறு மாதிரி. முன்பக்கக் குழியிலிருந்து ஒரே ஒரு நீண்ட இழை வெளியே வந்து, பக்கவாட்டில் வளைந்து சுழன்று சுழன்று அடிக்கும், அதனால் உடம்பும் தன்னைத்தானே சுற்றியபடி திருகுப் பாதையில் முன்னேறும். இந்தச் சுற்றலுக்கு ஒரு பயன் உண்டு. சிவப்புக் கண்புள்ளி உண்மையில் வெளிச்சத்தை உணர்வதில்லை, உணரும் பகுதி இழையின் அடியில் இருக்கிறது, கண்புள்ளி அதற்கு நிழல் போடும் திரை. ஒவ்வொரு சுற்றிலும் நிழல் எப்போது விழுகிறது என்பதை வைத்து வெளிச்சத்தின் திசை அதற்குத் தெரிகிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் பச்சை நீர் உள்ள ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கறுப்புக் காகிதத்தால் சுற்றி ஒரு துளை மட்டும் விட்டு வையுங்கள், கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் துளை இருந்த இடத்தில் பச்சைத் திட்டு தெரியும். தண்ணீர் காயக் காயவோ, கவர் ஸ்லிப்பின் அடியில் நெருக்கடி வந்தாலோ, யூக்ளினா நீச்சலை விட்டுவிட்டு உடம்பையே உப்பியும் சுருக்கியும் நெளியத் தொடங்கும், தோலில் இருக்கும் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால் வரும் அசைவு அது. முன்முனையில் ஒரு குமிழி பெரிதாகிப் பெரிதாகிச் சட்டென்று மறையும், உள்ளே ஊறி வரும் தண்ணீரை வெளியேற்றும் சுருங்கும் குமிழி. யூக்ளினா திட உணவை விழுங்குவதில்லை, வெளிச்சத்தில் தானே சமைக்கும், இருட்டில் கரைந்த சத்துகளை உறிஞ்சிப் பிழைக்கும்.

விழுங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் அதன் உறவான பெரனீமாவைத் தேடுங்கள், எனக்கு இந்தக் கூட்டத்திலேயே மிகப் பிடித்தது இதுதான். அடிச் சேற்றுச் சொட்டில், நிறமற்ற, நீண்ட ஒரு செல் கண்ணாடியை ஒட்டி வழுக்கிக்கொண்டு வரும், தடித்த கசையிழையை நேர் முன்னே நீட்டியிருக்கும், அதன் நுனி மட்டும் துடிக்கும். இருப்பதிலேயே கண்ணுக்கு எளிதாகத் தெரியும் கசையிழை இதனுடையது, புதிதாகப் பார்ப்பவர்கள் இதில் தொடங்கினால் நம்பிக்கை வரும். இழையின் அடிக்குப் பக்கத்தில் வாய், அதற்குள் இரண்டு விறைப்பான கோல்கள். யூக்ளினா மாதிரி இரை தட்டுப்பட்டால், கோல்களால் அதைப் பற்றி, வாயை நம்ப முடியாத அளவுக்கு விரித்து, சில நிமிடங்களில் முழுதாக உள்ளே தள்ளிவிடும். சில சமயம் இரையின் மேல்தோலைக் குத்திக் கிழித்து உள்ளே இருப்பதை மட்டும் உறிஞ்சும். நிறமற்ற உடம்புக்குள் பச்சை உருண்டை தெரிந்தால் சற்று முன் சாப்பாடு முடிந்திருக்கிறது என்று பொருள். இதற்கு ரொட்டிக்குப் போடும் ஈஸ்டைத் தண்ணீரில் மிகக் கொஞ்சமாகக் கலக்கி ஒரு சொட்டு கொடுத்தாலும் தின்னும். நிறைய போட்டால் தண்ணீர் கெட்டுவிடும், கவனம்.

வைக்கோல் தண்ணீரில் வரும் சிறியவற்றுக்கு 40 லென்ஸும் பொறுமையும் வேண்டும். போடோ என்று ஒன்று, 10 மைக்ரானுக்கும் குறைவு, இரண்டு இழைகளில் பின்னால் போகும் இழையின் நுனியால் ஒட்டிக்கொண்டு அங்கேயே துள்ளித் துள்ளி ஆடும், முன் இழை பாக்டீரியாவை வாய்ப் பக்கம் ஒதுக்கும். ஓக்ரோமோனாஸும் அதன் நிறமற்ற உறவுகளும் இன்னும் வியப்பு. அவற்றின் நீண்ட இழை முன்னால் நீட்டியிருக்கும், அலை அடியிலிருந்து நுனிக்கு ஓடும். வழவழப்பான இழையாக இருந்தால் அந்த அலை செல்லைப் பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் இழையின் இரு பக்கமும் விறைப்பான நுண் மயிர்கள் வரிசையாக இருப்பதால் தண்ணீர் எதிர்த் திசையில், செல்லை நோக்கியே ஓடுகிறது, செல் முன்னே போகிறது. மயிர்கள் நம் கண்ணுக்குத் தெரியாது, விளைவு தெரியும்: ஒட்டியிருக்கும் ஒரு செல்லின் பக்கத்தில் பாக்டீரியாக்கள் இழையை ஒட்டி வேகமாக வந்து அதன் அடியில் மோதும், மோதியவற்றில் ஒன்றை செல் ஒரு சின்னப் புடைப்பால் சுற்றிப் பிடித்து உணவுக் குமிழியாக்கி உள்ளே இழுக்கும். நீரோட்டம் சரியாகத் தெரியவில்லையென்றால், ஓவியர்கள் பயன்படுத்தும் கறுப்பு இந்திய மையை நன்றாக நீர்க்கவிட்டு ஒரு துளி ஓரத்தில் விடுங்கள். கரித்துகள்கள் ஓட்டத்தின் பாதையைக் காட்டிவிடும். பேனா மை வேண்டாம், அதில் துகள் இல்லை.

பாசி இழைகளின் மேல் காம்பு வைத்து உட்கார்ந்திருக்கும் மிகச் சிறிய செல்களில் கழுத்துப்பட்டை வைத்தவை உண்டு, கோயனோகசையுயிரிகள் என்பார்கள். நடுவில் ஒரு கசையிழை, சுற்றிலும் மெல்லிய விரல்களால் ஆன ஒரு வளையம். இங்கே இழை தண்ணீரைச் செல்லிலிருந்து வெளியே தள்ளுகிறது, அந்த இடத்தை நிரப்பப் பக்கங்களிலிருந்து தண்ணீர் விரல்களின் இடுக்கு வழியே வடிந்து வரும், பாக்டீரியா வெளிப்புறத்தில் சிக்கிக்கொள்ளும். கடற்பஞ்சின் உடம்பில் இருக்கும் செல்களும் இதே அமைப்பு என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார்கள், இன்று மரபணு ஆய்வுகளும் விலங்குகளுக்கு மிக நெருங்கிய ஒருசெல் உறவு இவைதான் என்கின்றன. டென்மார்க் உயிரியலாளர் டாம் ஃபென்ச்செல் 1980-களில் கணக்கிட்டபடி, இப்படி பாக்டீரியா தின்னும் சிறு கசையிழை உயிரி ஒன்று மணிக்கு தன் உடம்பின் கன அளவைப் போல ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு தண்ணீரைச் சலித்தெடுக்கக் கூடியது. கடலிலும் குளத்திலும் பாக்டீரியாவின் எண்ணிக்கை கட்டுக்குள் இருப்பதில் இவற்றின் பங்கு மிகப் பெரிது.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு நாக்டிலூகா கிடைக்கலாம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கும், அதற்குக் காரணம் இதுதான். வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும் அளவு பெரிய ஒற்றைச் செல், கசையிழை இருந்தும் பேருக்குத்தான், நீந்தாது, மிதக்கும், ஒரு கொடுக்கு போன்ற உணர்கொம்பால் இரையை ஒட்டிப் பிடித்து வாய்க்குள் கொண்டுபோகும். 10 லென்ஸே போதும், உள்ளே விழுங்கிய டயாட்டங்களையும், அதாவது கண்ணாடி ஓடுள்ள ஒருசெல் பாசிகளையும், எண்ணிவிடலாம்.

வேகமாக ஓடுகிறவற்றை நிறுத்திப் பார்க்க இரண்டு வழி. பஞ்சின் சில இழைகளைப் பிரித்துச் சொட்டில் போட்டால் சின்னச் சின்ன அடைப்புகளில் மாட்டிக்கொள்ளும், அல்லது வேதிப்பொருள் கடையில் மெத்தில் செல்லுலோஸ் கிடைத்தால் 2, 3 சதவீதக் கரைசல் ஒரு துளி கலக்கலாம், தண்ணீர் கெட்டியாகி எல்லாம் மெதுவாகும். ஆனால் கெட்டித் தண்ணீரில் இழை அடிக்கும் விதமே மாறும் என்பதால் வேகத்தை அளக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, ஆய்வகங்களில் புழங்கும் அயோடின் கரைசலை ஒரு துளி கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் விட்டு, எதிர் ஓரத்தில் மை ஒற்றும் தாளை வைத்து உறிஞ்சுங்கள். செல்கள் செத்துவிடும், கசையிழைகள் பழுப்பாக, அசையாமல், எண்ணும்படி நிற்கும். கூடவே ஒரு அடையாளச் சோதனையும் நடந்துவிடும்: கிளாமிடோமோனாஸில் மாவுச்சத்து இருப்பதால் கருநீலம் வரும், யூக்ளினா சேமிப்பது பாரமைலான் என்ற வேறு வகைச் சத்து என்பதால் அதில் வராது.

பாதுகாப்பு பற்றி ஒன்று. குளத்து நீரை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள், மூக்கில் நீர் ஏறும்படி இறங்கவும் வேண்டாம். கேரளத்தில் மூளைக்காய்ச்சலால் உயிர்ப்பலி வாங்கிய நெக்லேரியா என்ற ஒருசெல் உயிரி வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது, அமீபாவாக இருந்து தேவைப்படும்போது இரண்டு கசையிழை முளைத்து நீந்தும், அந்த நிலையில் அது தின்பதுகூட இல்லை, இடம் மாறுவதற்கு மட்டுமே அந்த வடிவம். கையில் காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிச்சத் தண்ணீரை எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம், ஈஸ்ட், மை, அயோடின் கலந்ததை மட்டும் கழிவுநீரில் ஊற்றுங்கள்.